வேப்பிலை எட்டிய தூரம்

நான் பெரியோடைப்பட்டிக்கு நர்சாக வந்தபோது இது இராமநாதபுரம் மாவட்டம். மறு வருஷமே பிரித்தார்கள். அதற்கப்புறம் பெயரையும் ஒரு தடவை மாற்றினார்கள். ஆக, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மூன்று ரப்பர் ஸ்டாம்பைத் தேய்த்தவள் நான். மாவட்டம்தான் நகர்ந்ததே ஒழிய நான் ஓர் அடி நகரவில்லை. ஆனால் அரசாங்கம் நகர்த்திய எல்லையைப் பற்றி இந்த ஊரில் யாரும் ஒரு டீ குடிக்கிற நேரம்கூடப் பேசியதில்லை. இங்கே எல்லை என்றால் கருப்பணன் அண்ணன் கட்டுகிற எல்லைதான்.

கருப்பணன் அண்ணன் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக் கம்பெனியில் இறக்குவார். சாயங்காலம் மருந்து படிந்த கையும் முகமுமாக அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நெட்டையான ஆள். வேனுக்குள் கூனிக்கொண்டே உட்கார்ந்து பழகியதால், கீழே இறங்கினாலும் கூனல் நிமிராது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் நிமிர்ந்து நடப்பார். அது பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற நாள்.

பொங்கலுக்கு எட்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் காளியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் ஊரில் இருந்தவர்கள் யாரும் பொங்கல் முடிகிறவரை எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாம். படுக்கை மட்டும் எல்லைக்குள் இருக்கவேண்டும். எல்லை எது? அன்று காலையில் கோயில் வேப்பமரத்தில் கொத்து ஒடித்து, நாலு திசையிலும் மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, பால் ஊற்றிவிட்டு, காப்புக் கட்டும்போது அடிக்கிற கொட்டுச் சத்தம் கேட்பதற்குள் ஒருவர் திரும்பி வரவேண்டும். அவர் கட்டிய இடம்தான் எல்லை. அந்த உரிமை தலைமுறை தலைமுறையாகக் கருப்பணன் அண்ணன் வீட்டுக்கு.

நான் சி.எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமையானால் சிவகாசி சர்ச்சுக்குப் போய்விடுவேன். எனக்கும் வேப்பிலைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதல் வருஷம் இருந்தேன். அந்த வருஷம் காப்புக் கட்டிய இரண்டாம் நாள் பொங்கல் முடிந்து தாய்வீடு போகவிருந்த இளம் மருமகள் சொர்ணலட்சுமிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். என் ஆஸ்பத்திரி ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வேப்பிலை பாலத்திலேயே கட்டியிருந்தது. மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. பொழுது இறங்குவதற்குள் மாமியார்க்காரி மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். பச்சை உடம்புக்காரியை வைக்கோல்மேல் படுக்கவைத்துக் குலுங்கக் குலுங்கக் கூட்டிக்கொண்டு போகிறாள்! நான் கத்தினேன், வண்டிச் சக்கரத்தைப் பிடித்தேன். "இங்கன ராத்தங்குனா தெய்வக்குத்தம், நர்சம்மா" என்று ஒரே வார்த்தை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பாலகுரு டீக்கடைக்குப் போனேன். ஊர் ஆண்கள் முழுக்க அங்கேதான் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

"யாருய்யா இங்க எல்லை கட்டுற ஆளு?"

மூலையிலிருந்து ஒரு நெட்டைப் பையன் எழுந்தான். இன்றைக்கு நான் அண்ணன் என்கிற கருப்பணன்தான். "நாந்தான் நர்சம்மா."

"ஒங்க எல்லை ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே நின்னுபோச்சே, அங்க பிள்ளை பெறுறவ மனுசி இல்லையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எங்க அப்பா காலத்துல அங்கன ஆஸ்பத்திரி இல்லையே, நர்சம்மா."

"இப்ப இருக்குல்ல?"

"இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "அப்ப அடுத்த வருசம் தள்ளிக் கட்டிப்புடுவோம்."

சண்டை போடவென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவளுக்கு இப்படிப் பதில் சொன்னால் என்ன செய்வது! பாலகுரு நீட்டிய டீயைக் குடித்துவிட்டு வந்தேன். சொன்ன மாதிரியே மறு வருஷம் ஆஸ்பத்திரி தாண்டி, என் கேட்டுக்கு வெளியே நின்ற வேலிக்கல்லில் வேப்பிலை தொங்கியது. "நீங்களும் இப்ப எல்லைக்கு உள்ளதான், நர்சம்மா" என்றார் கருப்பணன் அண்ணன். நான் விறைப்பாக, "நான் கவர்மென்ட் ஆளு, எனக்கு எல்லையெல்லாம் கெடையாது" என்றேன். "சரி, கவர்மென்ட்டும் உள்ளதான்" என்று பால் சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு தடவை நகர்ந்த வேப்பிலை அதற்கப்புறம் நிற்கவே இல்லை. பட்டாசுக் கம்பெனியில் பெத்தணன் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். இருட்டினால் மற்றவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். வாட்ச்மேன் மட்டும் அங்கேதான் கிடக்கவேண்டும். வேப்பிலை கம்பெனி கேட்டுக்குப் போனது. பாலகுருவின் தம்பிக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது, ராத்திரி ஷிப்ட் உண்டு. மேற்கு எல்லை ஆலங்குளம். கிழக்கே இருக்கன்குடி. அதைத் தாண்டச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. "அங்கன நம்ம காளியம்மாவோட அக்கா மாரியம்மா இருக்கா. அதுக்கு அங்கிட்டுப் போனா மரியாதையா இருக்காது" என்றார் கருப்பணன் அண்ணன். வேன் வந்தபிறகு அவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கம்பெனிக்கு அன்று லீவு. காலையில் வேப்பங்கொத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினால் நாலு திசையையும் முடித்துவிட்டு நாலு மணிக்கு வந்துவிடுவார்.

வடக்கே விருதுநகர். மிளகாய் வத்தல் மூட்டையோடு மண்டிக்குப் போகிற சம்சாரிகள் விலை படிகிறவரை அங்கேயே படுத்துக் கிடப்பார்கள். அவர்களுக்காக மண்டிக் கடைத்தெருவுக்கு அப்பால் ஒரு கரண்டுக் கம்பத்தில் இவர் வேப்பிலை கட்டிக்கொண்டிருக்க, போலீஸ்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்துவிட்டாராம்.

"என்னய்யா கட்டுற?"

"எல்லைங்க சார்."

"எந்த ஊரு எல்லை?"

"பெரியோடைப்பட்டி."

"அது எங்கன இருக்கு?"

"சாத்தூருக்கு அங்கிட்டுங்க சார்."

போலீஸ்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க ஊருலயும் நாளைக்குக் காப்பு. நான் லீவு கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. எனக்கும் சேத்துக் கட்டிட்டுப் போ" என்றாராம். கருப்பணன் அண்ணன் அவருக்கென்று தனியாக ஒரு கொத்து ஒடித்துக் கட்டிவிட்டு வந்தார். இதை அவர் சொல்லும்போது டீக்கடையே குலுங்கியது.

தெற்கு எல்லைதான் வருஷா வருஷம் வம்பு. கோவில்பட்டி நம்ம பக்கமா, இல்லையா? பெத்தணன் சொல்வார், "கரிசல் எதுவரைக்கும் கறுப்பா இருக்கோ அதுவரைக்கும் நம்மதுதான். அப்படிப் பாத்தா கோவில்பட்டி உள்ளதான்." பாலகுரு விடமாட்டார். "மண்ணைப் பாத்தா ஆச்சா? காராச்சேவைத் தின்னு பாரும். அந்தக் காரம் எங்கன கொறையுதோ அங்கன நம்ம சீமை முடிஞ்சுபோச்சு." சொர்ணலட்சுமிக்குப் பிறந்த வீடு கோவில்பட்டி. அவள் வேனிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "நான் பொறந்த ஊரு வேத்து ஊரா? அப்ப என்னைய எதுக்குய்யா கட்டிக்கிட்டு வந்தீக?" என்பாள். ஆண்கள் எல்லாரும் டீ கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொள்வார்கள்.

கருப்பணன் அண்ணன் வைத்திருந்த சோதனையே வேறு. வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பார். சொம்பை நீட்டும்போதே "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால் நம்ம பக்கம். தண்ணீரை மட்டும் கொடுத்தால் இல்லை. "அம்புட்டுத்தான் கணக்கு" என்பார். அந்தக் கணக்கில் கோவில்பட்டி ஒரு வருஷம் உள்ளே வந்தது, ஒரு வருஷம் வெளியே போனது. வெளியே போன வருஷம் சொர்ணலட்சுமி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில், "நாலு வீடு தள்ளிக் கேட்டிருந்தா எங்க ஆத்தா சோறே போட்டிருப்பாக. கேக்கத் தெரியாம கேட்டுட்டு எங்க ஊரைத் தள்ளி வச்சுட்டாரு" என்று வேனுக்குள்ளேயே கத்தித் தீர்த்தாள். மறு வருஷம் கோவில்பட்டி உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம் வெளியே போகவே இல்லை.

அவருக்கு ஒரே மகள், பானுப்பிரியா. என் கையில் பிறந்தவள். இடது கைக்காரி. சிறுவயதில் அப்பாவோடு வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து பால் சொம்பைப் பிடித்துக்கொண்டு நாலு எல்லைக்கும் போவாள். பன்னிரண்டாவது முடித்தாள். அப்புறம் சாத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை முனியராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆனி மாதக் கல்யாணம். பெண்ணைக் கார் ஏற்றத் தேடினால் ஆளைக் காணோம். கோயில் வேப்பமரத்தடியில் பட்டுச்சேலையோடு குனிந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறாள். "ஏட்டி, மாப்பிள்ளைக்கு வேப்பம்பழந்தான் சீரா?" என்று சொர்ணலட்சுமி கேட்க, அழுதுகொண்டிருந்த சோலையம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

சோலையம்மாள் கருப்பணன் அண்ணனின் மனைவி. அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அவளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்றைக்கு வேனில் ஏறியவள், கம்பெனி போய்ச் சேரும் வரை ஒவ்வொரு ஊரிலும் ஏறிய ஒவ்வொருத்தியிடமும் அதைச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கட்டில், தொட்டில் எல்லாம் தயார். ஆனால் ஏழாம் மாதத்திலேயே பானுவுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, அங்கே டாக்டர் பஸ்ஸில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, நாம் அங்கே போவோம் என்று முடிவானது. நான் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி. பொங்கலை முடித்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பலாம் என்றேன்.

இது 2008-இல். அந்தப் பங்குனியிலும் வழக்கம்போலக் கருப்பணன் அண்ணன் நாலு திசையும் கட்டிவிட்டு வந்தார். கொட்டு முழங்கியது. நான் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்தபோது, பாலகுரு டீக்கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று, புதுசாக வாங்கிய செல்போனைக் கோயிலைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன பாலகுரு, டவர் கிடைக்கலையா?" என்றேன். "ஆமா நர்சம்மா, ஆமா" என்று அவசரமாகச் சொன்னார். அறுபது வயதில் இந்த மனுஷனுக்குச் செல்போன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு முனியராஜ் போன் செய்தான். அவன் குரலே சரியில்லை.

"நர்சம்மா, கொழந்தையைச் சுத்தி நீர் கொறைஞ்சிருச்சாம். நாளைக்குக் காலையில அட்மிட் பண்ணி எடுத்துரணும்ங்கிறாக. பயமில்லைன்னு சொல்றாக. ஆனா இவ அம்மா வேணும், அம்மா வேணும்னு அழுவுறா. எப்படியாச்சும் அனுப்பி வையிங்க."

நான் சோலையம்மாளிடம் ஓடினேன். காப்பு வாரத்தில் கம்பெனி லீவு என்பதால் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். செய்தியைச் சொன்னதும் அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். இரண்டு சேலையை மடித்து வைத்தாள். அப்புறம் கையை நிறுத்திக் கருப்பணன் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பூர் போனால் ராத்தங்காமல் முடியாது.

"ஊருக்கெல்லாம் எல்லையை இழுத்து இழுத்துக் கட்டுனீகளே, பெத்த மகளுக்குக் கொஞ்சம் இழுக்கக் கூடாதா?" என்றாள் சோலையம்மாள்.

"காப்புக் கட்டியாச்சே சோலை. இனிமே கட்டுனா அது எல்லை இல்ல, ஏமாத்து வேலை." அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போயிட்டு வா. ஒன்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

"கேக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியாதா? நான் எல்லை தாண்டிப் போயி, அந்தக் கோவம் எம்பிள்ளை பெறுற நேரத்துல அவ மேல எறங்குனா? நான் போயிதான் அவளுக்குக் கெடுதல் வரணுமா?" சேலையை மறுபடியும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இங்க பாருங்க, நான் எம்புட்டுப் பிரசவம் பாத்தவ! கோவமும் எறங்காது, கீவமும் எறங்காது. பெட்டியைத் தூக்கு" என்று கத்தினேன். சோலையம்மாள் வெளியே எடுத்த சேலையைக் கொடியில் போட்டாள். நம்பாதவள் சொன்னால் அவளுக்குத் தைரியம் எப்படி வரும்? அவள் அழுகிறாள், அவர் சுவரைப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் கால் திருப்பூருக்குப் பறக்கிறது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

சேதி பரவி அரை மணிநேரத்தில் வாசலில் கூட்டம். சொர்ணலட்சுமி முன்னால் வந்து நின்றாள். "எம்மகன் பொறந்தப்ப மாட்டுவண்டியில என்னைய உருட்டிக்கிட்டு வந்தாக. அந்தக் கஷ்டம் ஒருத்திக்கும் வரக்கூடாதுன்னு தள்ளிக் கட்டுன மனுசன் நீங்க. ஒங்களுக்குன்னு வரும்போது ஊரு சும்மா நிக்கும்னு நெனைச்சீகளா? கோயில் மரத்துல இப்பவே நான் ஏறி ஒடிக்கிறேன்."

"ஊருக்காகக் கட்டுனப்ப எல்லாம் கொட்டுக்கு முன்னால கட்டுனேன், சொர்ணம். எம்மகளுக்குன்னதும் கொட்டுக்குப் பின்னால கட்டுனா, அதுக்கு முன்னாடி கட்டுனதுகூடப் பொய்யாப் போயிரும்." பாலகுரு என்னமோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

என்னால் பொறுக்கமுடியவில்லை. பானுவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லார் நடுவிலும் நீட்டினேன். "ஏட்டி பானு, நீயே ஒங்க அப்பாகிட்டப் பேசு. அவர் கட்டுன வேப்பிலை ஒங்க அம்மாவை விட மாட்டேங்குது" என்றேன்.

பானு பயந்த குரலில், "அப்பா, ஏச மாட்டீகளே?" என்று கேட்டாள்.

"எதுக்கு ஏசணும்?"

"இங்கன நான் கட்டிட்டேன்."

"என்னத்தக் கட்டுன?"

"எல்லை. எங்க தெருவுல பூராவும் நம்ம பக்கத்து ஆளுகதான். சாத்தூரு, வெம்பக்கோட்டை, கோவில்பட்டி, எல்லாம் இருக்காக. ஆளாளுக்கு அவுக ஊருக் காப்பு வந்தா லீவு இல்லாம, போகமுடியாம, ராத்திரி தூக்கம் வராம கெடப்பாக. போன வருசத்துல இருந்து நீ எல்லைக்காரர் மகதானே, நீ கட்டுன்னு சொன்னாக. நான் கட்டுறேன். ஒங்க உரிமையை நான் எடுத்துக்கிட்டேன்னு ஏசுவீகன்னுதான் சொல்லல."

கருப்பணன் அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாசத்தில் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் பரீட்சை அல்லவா வைக்க ஆரம்பித்தார்!

"எத்தனை முடிச்சு?"

"மூணு."

"மஞ்சக் கயிறா?"

"மஞ்சக் கயிறுதான்ப்பா."

"எந்தப் பக்கம் பாத்துக் கட்டுன?"

"நம்ம கோயில் இருக்கிற தெக்குப் பக்கம் பாத்து."

"பாலு?"

"ஊத்துனேன். பாக்கெட் பாலுதான் கெடைச்சுச்சு."

பாக்கெட் பாலுக்குக் கொஞ்சம் யோசித்தார். ஏற்றுக்கொண்டார். "கொட்டுக்கு முன்னால கட்டுனியா, பின்னாலயா? திருப்பூர்ல ஒனக்கு எப்படிக் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு?"

பானு பதில் சொல்வதற்குள் பாலகுரு முன்னால் வந்துவிட்டார். "நாந்தான் போன்ல கேக்கவச்சேன். அவ கட்டி முடிச்சதும் ஆச்சு மாமான்னா. அதுக்கப்புறந்தான் கொட்டு விழுந்துச்சு. அந்தச் சத்தம் பூராத்தையும் கேக்குற வரைக்கும் பெஞ்சு மேல நின்னேன். அப்பாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, இந்தப் பொட்டப்பிள்ளை." சொர்ணலட்சுமி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "இம்புட்டு நேரம் வாயில என்னத்த வச்சிருந்தீரு? அந்தப் பொம்பள அழுது கரையுதே!"

கருப்பணன் அண்ணன் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். கடைசிக் கேள்வி ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. அதைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"வேப்பிலை எங்கன ஒடிச்ச, தாயி? கோயில் மரத்துக் கொத்தா இருக்கணுமே."

"கோயில் மரந்தான்ப்பா. கல்யாணத்தன்னைக்குப் பழம் பொறுக்குனேன்ல? வாசல்ல போட்டதுல ஒண்ணு மொளைச்சு, இப்ப என்னைய விட ஒசரமா நிக்குது."

அவர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கூனலே இல்லை. "சோலை, சேலையை எடுத்து வையி. மத்தியான பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார். சோலையம்மாள் பெட்டியை மூடவே இல்லை, அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அவள் பின்னால் ஓடிப்போய் நான்தான் செருப்பைக் கொடுத்தேன்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சோலையம்மாள் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விருதுநகர் தாண்டும்போது தான் கட்டிய வேப்பிலையை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கருப்பணன் அண்ணன் சீட்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். கண்டக்டர், "பெரியவரே, எறங்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லய்யா, தாண்டணும்" என்றாராம் இவர். திருப்பூர் போய் இறங்கியதும், மகளைப் பார்க்கும் முன்னால், தெருமுனையில் கம்பத்தில் தொங்கிய வேப்பிலையைத்தான் போய்ப் பார்த்திருக்கிறார். கையால் முடிச்சைத் தடவிப் பார்த்தாராம். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "எங்கன இருந்து வாரீக? சாப்பிட்டீகளா?" என்று கேட்க, இந்த மனுஷன் நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டாராம்.

சனிக்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. என் வாழ்நாளில் அம்புட்டுப் பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் அப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் போன் வந்தது. "பேத்தி, நர்சம்மா! ரெண்டு பேரும் நல்லாருக்காக. சோலை கையிலதான் மொதல்ல குடுத்தாக" என்றார் கருப்பணன் அண்ணன். நான் என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். காளியம்மனுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். யாரும் கேட்கப்போவதில்லை.

"ராத்திரி எங்கண்ணே படுத்தீக?"

"அந்த வேப்பங்கன்னுக்குப் பக்கத்துல. கம்பத்துல முடிச்சு இடது பக்கம் விழுந்திருக்கு நர்சம்மா, அவ கை அப்படித்தானே. அதைப் பாத்ததுக்கப்புறம் படுத்ததுதான் தெரியும். முனியராஜு வந்து எழுப்புற வரைக்கும் தூங்கிட்டேன்."

பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லைக்குள் இருக்கிறவர்களை எதற்குத் தேடவேண்டும்?

மறு வருஷம் பங்குனி. கருப்பணன் அண்ணன் நாலு திசையும் கட்டிவிட்டு வந்து, குளித்து, கோயில் வாசலில் நிமிர்ந்து நின்றார். பூசாரி கையில் காப்புக் கயிறு. கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. ஊர் மொத்தமும் கூடிவிட்டது, நானும் ஓர் ஓரமாக நிற்கிறேன். கருப்பணன் அண்ணன் மட்டும் பாலகுருவின் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"யாரும் கொட்டாதீக. பானு இன்னும் கட்டலையாம். பிள்ளை அழுகுதாம், பால் குடுத்துட்டுக் கட்டுறாளாம். பொறுங்க."

ஊரே பொறுத்தது.